சீட்டுக்கு விலை ஏறினால்

கதை எழுதுகிறவர்களுக்குப் பரிசுச் சீட்டைப் போல் கைகொடுக்கும் பொருள் வேறொன்று கிடைப்பது அரிது. ஒரு ஏழையைக் கதைக்குள் பணக்காரனாக்க வேண்டுமானால் அவன் உழைத்ததைக் காட்ட வேண்டும்; அல்லது திருடியதைக் காட்ட வேண்டும்; அதுவும் முடியாவிட்டால் வாரிசு இல்லாத பெரியப்பா ஒருவரை ரங்கூனில் சாகடித்தாக வேண்டும். எதைச் செய்தாலும் வாசகர் காரணம் கேட்பார். "சீட்டு விழுந்தது" என்று எழுதிவிட்டாலோ கேள்வி இல்லை. காரணமில்லாமல் நடப்பதற்குத்தானே அதிர்ஷ்டம் என்று பெயர்!

அதனால்தான் கதைகளில் சீட்டு எப்போதும் விழுகிறது. அல்லது விழுகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு நழுவுகிறது. ஆனால் அந்தச் சீட்டை ஒருவன் விலை கொடுத்து வாங்கினான் என்பதும், அந்த விலை ஒரு நாள் ஏறியது என்பதும், ஏறியபோது அவன் கடை வாசலில் நின்று என்ன சொன்னான் என்பதும் கதைகளில் வருவதில்லை. வாழ்க்கையிலோ லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் பரிசு விழுகிறது. விலையேற்றம் சீட்டு வாங்கும் அத்தனை பேர் தலையிலும் விழுகிறது. இரண்டில் எது இலக்கியத்துக்கு உரிய விஷயம்?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது நம் அண்டை ராஜ்யமான கேரளம். அங்கே அண்மை ஆண்டுகளில் சீட்டின் விலை பல முறை ஏறியிருக்கிறது. ஏறியபோதெல்லாம் ஜனங்கள் பேசியதையும், ஜனங்களைப் பற்றி மற்றவர்கள் பேசியதையும் நான் கேட்டு வந்திருக்கிறேன். கேட்கக் கேட்க, நம் கதாசிரியர்கள் ஒரு நல்ல கதையின் முதல் பாதியைப் படிக்காமலே இரண்டாம் பாதியை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது.

முதலில் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். கேரள சர்க்கார் லாட்டரிக்கென்று ஒரு தனி இலாகாவை 1967-ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. 1968 ஜனவரி 26-ஆம் தேதி முதல் குலுக்கல் நடந்தது. சீட்டின் விலை 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். அன்றாடம் குலுக்கப்படும் சீட்டின் விலை 2020-இல் 30 ரூபாயிலிருந்து 40 ஆயிற்று. 2025 மே மாதத்தில் 40 ரூபாய் 50 ஆயிற்று. முதல் பரிசு 1 கோடி என்று அறிவித்தார்கள். இது தவிர, ஓணப் பண்டிகைக்கென்று பெரிய குலுக்கல் ஒன்று உண்டு. அதன் சீட்டு 2021-இல் 300 ரூபாய், முதல் பரிசு 12 கோடி. மறு ஆண்டே சீட்டை 500 ரூபாய் ஆக்கி, பரிசை 25 கோடி ஆக்கினார்கள்.

ஒரு சீட்டுக்கு 500 ரூபாய்! கூலி வேலை செய்கிறவனுக்கு அது விளையாட்டுப் பணம் அல்ல. ஜனங்கள் வாங்க மாட்டார்கள் என்றுதான் புத்திசாலிகள் நினைத்தார்கள். நடந்தது என்ன தெரியுமா? 300 ரூபாயாக இருந்தபோது 54 லட்சம் சீட்டு விற்றது. 500 ரூபாய் ஆனபோது 66 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கு அடுத்த ஆண்டு 75 லட்சத்தையும் தாண்டிவிட்டது.

இதைப் படித்தவுடன், "பார்த்தீர்களா, ஜனங்கள் சுத்த முட்டாள்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். கொஞ்சம் பொறுங்கள். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில், வாளையாறு தாண்டிச் சாலையோரத்தில் வரிசையாகச் சீட்டுக் கடைகள் இருக்கின்றன. நம் ராஜ்யத்தில் லாட்டரி கிடையாது ஆகையால் இங்கிருந்து போகிறவர்கள் அங்கே இறங்கி வாங்குவது வழக்கம். ஒரு கடையில் பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நின்றேன். அங்கே கேட்ட பேச்சில் முட்டாள்தனம் எனக்குத் தட்டுப்படவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் ஓணச் சீட்டைக் கையில் எடுத்தார், விலையைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"ஏனுங்க அண்ணா, போன தடவ எடுத்தீங்களே?" என்றார் கடைக்காரர்.

"எடுத்தனுங்க. முந்நூறு ரூவான்னா வீட்டுல சொல்லாம எடுத்துக்கலாம். ஐந்நூறுன்னா சொல்லோணுமுங்க" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு விஷயம் இருக்கிறது! சீட்டு விழுமா விழாதா என்பதைப் பற்றி அவருக்கு மயக்கம் ஏதும் இல்லை. விழாது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் கணக்குக் கேட்காத பணம் எது வரைக்கும் என்று ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் அவர் தனியாக, யாருக்கும் சொல்லாமல், ஓர் ஆசையை வைத்துக்கொள்ளலாம். விலை ஏறியதும் ஆசை எல்லை தாண்டிவிட்டது. இனி மனைவியிடம் சொல்ல வேண்டும். அவள் சிரிக்கக்கூடும், அழவும் கூடும். அவருக்கு நஷ்டமானது 200 ரூபாய் என்று சொல்லிவிட முடியாது. யாருக்கும் பதில் சொல்லாமல் ஆசைப்படுகிற உரிமை அவரிடமிருந்து போயிற்று.

விலையேற்றத்தைக் கண்டு ஜனங்களுக்கு வரும் கோபத்தின் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். "எங்களை ஏமாற்றுகிறார்கள்" என்ற கோபம் அது அல்ல. ஏமாற்றம் சீட்டின் விலையிலேயே அடக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். "எங்களை வெளியே நிறுத்துகிறார்கள்" என்ற கோபம் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணராதவர்கள் லாட்டரியைப் பற்றி என்ன எழுதினாலும் அது உபதேசமாகத்தான் முடியும்.

இனி, இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, லாட்டரியைப் பற்றி எழுதிய பெரிய எழுத்தாளர்கள் மூவரைப் பார்க்கலாம்.

முதலில் செகாவ். லாட்டரிக் கதை என்றவுடன் எல்லோரும் சொல்வது 1887-இல் அவர் எழுதிய சிறுகதையைத்தான். ஆண்டுக்கு 1,200 ரூபிள் வருமானத்தில் திருப்தியாக வாழும் ஒரு நடுத்தரக் குடும்பம். மனைவி வைத்திருக்கும் சீட்டின் வரிசை எண் பத்திரிகையில் வந்திருக்கிறது; அடுத்த எண்ணைப் பார்க்காமல் புருஷன் வேண்டுமென்றே கனவு காண்கிறான். நிலம், வீடு, வெளிநாட்டுப் பயணம் என்று கனவு விரிகிறது. விரிய விரிய, "சீட்டு அவளுடையது அல்லவா, என்னைக் கணக்குக் கேட்பாளே" என்று மனைவி மேல் வெறுப்பு வருகிறது; அவளுக்கும் அவன் மேல் வருகிறது. கடைசியில் எண்ணைப் பார்த்தால் 26-க்குப் பதில் 46. பரிசும் இல்லை, பழைய திருப்தியும் இல்லை. ஐந்தாறு பக்கத்தில் ஒரு தாம்பத்தியத்தையே அளந்து காட்டிவிடுகிறார்.

கதையின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அநேகர் கவனிக்காமல் விடுகிற ஒரு சின்ன விவரம் அதில் இருக்கிறது. கதை தொடங்கும்போது மனைவி, செவ்வாய்க்கிழமை போய் அந்தச் சீட்டுக்கு வட்டி வாங்கி வந்ததாகச் சொல்கிறாள். சீட்டுக்கு வட்டியா? ஆம். அந்த நாள் ரஷ்யாவில் அது சர்க்கார் கடன் பத்திரம். பரிசுக் குலுக்கலும் உண்டு, வட்டியும் உண்டு, போட்ட முதலுக்கு மோசமும் இல்லை. பரிசு விழாவிட்டாலும் அந்தத் தம்பதிகளுக்குக் காசு நஷ்டமில்லை. மனசுதான் நஷ்டம். ஆகவே செகாவ் எழுதியது சேமிப்பு உள்ளவர்களின் கதை. ஒவ்வொரு வாரமும் தேநீர்க் காசைக் குறைத்துச் சீட்டு வாங்கி, மாலையில் அதைக் கிழித்து எறிகிறவனின் கதை அங்கே இல்லை. லாட்டரி என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் படித்துவிடுகிறோம்.

அடுத்தவர் ஜார்ஜ் ஆர்வெல். 1949-இல் வெளிவந்த 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' என்ற நாவலில் ஏழை ஜனங்களை அடக்கி வைக்க சர்க்கார் வாராவாரம் லாட்டரி நடத்துகிறது. பெரிய பரிசுகளை வாங்கியதாகச் சொல்லப்படுகிறவர்கள் உண்மையில் இல்லாத ஆட்கள். எந்த எண் எப்போது விழுந்தது என்பதைப் பற்றித் தெருவில் நின்று சண்டை போடுகிறார்கள் தொழிலாளிகள். ஆர்வெல்லுக்கு அவர்கள் மேல் இரக்கம் உண்டு. ஆனால் அது வண்டியின் மேல் உட்கார்ந்து மாட்டைப் பார்க்கிறவனின் இரக்கம். அவர்கள் போடும் சண்டை எண்ணைப் பற்றியது. விலையைப் பற்றியது அல்ல. விலையைப் பற்றிச் சண்டை வந்திருந்தால் அது சர்க்காரோடு போடும் சண்டையாக மாறியிருக்கும். அப்போது அந்த ஜனங்களை வெறும் மந்தை என்று எழுதிவிட்டுப் போக அவரால் முடிந்திருக்காது.

மூன்றாமவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த போர்ஹெஸ். அவர் 1941-இல் எழுதிய பாபிலோன் லாட்டரிக் கதைதான், எனக்குத் தெரிந்து, விலையின் பிரச்னையைக் கதையின் நடுவில் வைத்த கதை. அந்தக் கற்பனை நகரத்தில் முதலில் நாவிதர்கள் செப்புக் காசுக்குச் சீட்டு விற்கிறார்கள். விழுந்தவர்களுக்கு வெள்ளிக் காசு. சில காலத்தில் அது ஜனங்களுக்கு அலுத்துவிடுகிறது. பிறகு நல்ல எண்களோடு கெட்ட எண்களையும் கலக்கிறார்கள். கெட்ட எண் விழுந்தவன் அபராதம் கட்ட வேண்டும், பின்னால் சிறைக்கும் போக வேண்டும். இதில் ஒரு வேகம் உண்டாகிறது. உடனே ஏழைகள் கலகம் செய்கிறார்கள். எதற்கு? லாட்டரியை ஒழிக்கச் சொல்லி அல்ல. காசு உள்ளவர்களுக்கு மட்டும் பயமும் ஆசையும் கிடைக்கின்றன, எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று! ஓர் அடிமை சீட்டைத் திருடுகிறான். ரத்தம் சிந்துகிறது. கடைசியில் சீட்டு விற்பனையையே நிறுத்தி, லாட்டரியை எல்லோருக்கும் இலவசம் ஆக்கிவிடுகிறார்கள்.

போர்ஹெஸ் பெரும்பாலும் புத்தகங்களுக்குள்ளேயே வாழ்ந்தவர் என்று சொல்வதுண்டு. இருந்தும் வாளையாற்றுக் கடையில் நின்ற மனிதரின் மனம் அவருக்குத்தான் பிடிபட்டிருக்கிறது. விலை என்பது ஒரு வேலி; வேலி உயர்ந்தால் வெளியே நிற்கிறவன் தோட்டம் நல்லதா கெட்டதா என்று ஆராய்ச்சி செய்ய மாட்டான், ஏறிக் குதிக்கத்தான் பார்ப்பான். இதை அவர் கண்டுகொண்டார். ஆனால் அவரும் கதையை அங்கே நிறுத்தாமல் தத்துவத்துக்குள் கொண்டுபோய்விட்டார். வேலியைத் தாண்ட மனிதர்கள் நிஜத்தில் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. அது அவர் கதையில் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், வேலி எப்படியெல்லாம் உயர்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற விலையேற்றம் ஒன்று, தெரியாதது ஒன்று என்று இரண்டு வகை. இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்து. அங்கே தேசிய லாட்டரி 1994 நவம்பரில் 1 பவுன் விலையில் தொடங்கியது. ஏறத்தாழ 19 ஆண்டுகள் அந்த விலை மாறவே இல்லை. 2013 அக்டோபரில் ஒரேயடியாக 2 பவுன் ஆக்கினார்கள். சின்னப் பரிசுகள் சிலவற்றை உயர்த்தியும் முணுமுணுப்பு அடங்கவில்லை. இது கண்ணுக்குத் தெரிந்த ஏற்றம். இரண்டு ஆண்டு கழித்து, 2015 அக்டோபரில், விலையைத் தொடாமல் வேறொன்று செய்தார்கள். அது வரை 49 எண்களிலிருந்து 6 எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இனி 59 எண்களிலிருந்து 6 என்றார்கள். பத்து எண்கள்தானே கூடின என்று தோன்றும். கணக்குப் போட்டால், பெரும் பரிசு கிடைக்கும் வாய்ப்பு சுமார் 1 கோடியே 40 லட்சத்தில் ஒன்று என்பதிலிருந்து 4 கோடியே 50 லட்சத்தில் ஒன்று என்று ஆகிவிட்டது. அதே 2 பவுனுக்குக் கிடைத்த சரக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பால்காரர் படியை மாற்றாமல் தண்ணீரைக் கூட்டுகிற வித்தைதான்.

அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. எண்களை வாங்குகிறவரே தேர்ந்தெடுப்பதால், பிறந்த தேதி, கல்யாண தேதி என்று அதே ஆறு எண்களை வாரந்தோறும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் பலர். விலை பிடிக்காமல் நிறுத்தலாம் என்றால், நிறுத்திய வாரம் அந்த எண்கள் விழுந்துவிட்டால்? ஆசை காரணமாகத் தொடங்கியதைப் பயம் காரணமாக விட முடியாமல் தொடர்கிறார்கள். அப்படிப்பட்டவர் மேல் விலை ஏற்றுவது, ஓடிப் போக முடியாத வாடகைதாரர் மேல் வாடகை ஏற்றுவதைப் போன்றது.

கேரளத்திலும் இந்த இரண்டாம் வகை நடந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் லாட்டரி மேல் மத்திய வரி 28 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதம் ஆயிற்று. சீட்டின் விலையை இனியும் ஏற்றினால் ஜனங்கள் தாங்க மாட்டார்கள் என்று 50 ரூபாயை அப்படியே விட்டார்கள். ஆனால் வரி ஆகாயத்திலிருந்து வந்துவிடுமா? பரிசுத் தொகைகளிலும் விற்பவரின் கழிவிலும் அந்தச் சுமை இறங்கிற்று. சீட்டின் முகத்தில் அச்சிட்ட எண் மாறவில்லை. அதற்குப் பின்னால் இருப்பது மாறிவிட்டது.

விற்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்களில் வயோதிகர்களும் ஊனமுற்றவர்களும் ஏராளம். சீட்டை முதல் போட்டு வாங்கி விற்கிறார்கள். குலுக்கல் நேரம் வரை விற்காமல் கையில் நின்றுவிட்ட சீட்டு அவர்கள் நஷ்டம்; திருப்பிக் கொடுக்க முடியாது. விலை 40 ரூபாயிலிருந்து 50 ஆனால், அதே நூறு சீட்டுக்கு அவர்கள் புரட்ட வேண்டிய முதலும் கால் பங்கு கூடுகிறது. மிஞ்சிப்போன சீட்டின் நஷ்டமும் கூடுகிறது. விலையேற்றத்தை எதிர்த்து முதலில் குரல் எழுப்புகிறவர்கள் விற்பவர்களாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? வாங்குகிறவன் விரும்பினால் நாளைக்குச் சூதாடலாம். விற்கிறவன் தினமும் ஆடியாக வேண்டும்.

இனி மூன்றாவது கட்சிக்கு வருகிறேன். சீட்டு வாங்காத, விற்காத, ஆனால் கருத்துச் சொல்லத் தவறாத கட்சி. நானும் நீங்களும் அதைச் சேர்ந்தவர்கள். விலை ஏறியதைக் கேட்டதும் நம்மில் பலர், "நல்லதாயிற்று. ஆயிரம் ரூபாய் ஆக்கட்டும். அப்போதாவது ஏழைகள் வாங்காமல் இருப்பார்கள்" என்று சொன்னார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. 54 லட்சம் 66 லட்சமான கணக்கைப் பார்த்த பிறகும் இப்படிச் சொல்ல முடியுமா? 2021-இல் விற்ற சீட்டுகளின் முகவிலை 162 கோடி ரூபாய். 2022-இல் அது 330 கோடிக்கு மேல் போயிற்று. விலையேற்றம் ஏழையைக் காப்பாற்றவில்லை, கஜானாவைத்தான் காப்பாற்றியது. பரிசை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கியதும் கருணையினால் அல்ல. அந்தப் பரிசு எங்கிருந்து வந்தது? தோற்றவர்களின் குவியலை உயர்த்தியதனால் வந்தது. அந்த 25 கோடியிலும், முகவர் பங்கும் வரியும் போக, வென்றவர் கைக்குக் கிடைப்பது 15 கோடியே 75 லட்சம்.

லாட்டரிப் பணத்தில் தர்ம காரியம் நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. 'காருண்யா' என்ற சீட்டின் வருமானம் ஏழை நோயாளிகளின் வைத்தியத்துக்குப் போயிருக்கிறது. பரிசுச் சீட்டு நம் ராஜ்யத்தில் 1968-இல் வந்தபோதும், விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றுதான் சொன்னார்கள். அன்று அதன் விலையும் 1 ரூபாய். போகப் போக ஒற்றை நம்பர் லாட்டரி, காலையில் வாங்கி மாலைக்குள் தோற்கும் லாட்டரி என்றெல்லாம் வளர்ந்து, கூலிக்காரர்களின் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்து, 2003-இல் ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நாட்டுக்குப் போன பணமும் ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் போயிற்று. ஏழை நோயாளிக்கு மருந்து வாங்க ஏழைக் கூலிக்காரனின் ஆசையின் மேல் விலை ஏற்றுவது தர்மத்தில் ஒரு வகைதான்; ஆனால் கொடுக்கிற கை யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

நம் கட்சிக்காரர்கள் ரொம்பவும் நிமிர்ந்து உட்காருவதற்கு முன் இன்னொரு பழங்கதையும் நினைவில் இருக்கட்டும். 1950-களில் நம் நாட்டில் பரிசுப் போட்டி என்று ஒரு ஜுரம் அடித்தது. கட்டணம் கட்டி, குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பி, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். அதை நிரப்பியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். குமாஸ்தாக்கள், உபாத்தியாயர்கள், நம்மைப் போன்ற பத்திரிகை வாசகர்கள். அது அறிவுப் போட்டி என்று நாம் சொல்லிக்கொண்டோம். சர்க்கார் அப்படி நினைக்கவில்லை. 1955-இல் சட்டம் போட்டு, அப்படிப்பட்ட போட்டியில் மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கக் கூடாது என்று ஆக்கியதும் ஜுரம் இறங்கிவிட்டது. ஆசை படித்தவன் வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. கூலிக்காரன் வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் மூடத்தனம். இந்த ஓரவஞ்சனை நம் கதைகளிலும் புகுந்திருக்கிறது. சீட்டு வாங்குகிற ஏழை நம் கதைகளில் ஒன்று கோமாளி, அல்லது குடிகாரனுக்கு அடுத்த படி. விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, சீட்டைக் கீழே வைத்துவிட்டுப் போகிற நிதானமான ஏழையை நான் இதுவரை கதையில் சந்திக்கவில்லை.

இப்போது, போர்ஹெஸ் காணாத அந்த வழிக்கு வருகிறேன். விலை ஏறினால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? சீட்டைத் துண்டு போட முடியாது. ஆகவே விலையைத் துண்டு போட்டுக்கொள்கிறார்கள். நாலு பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு சீட்டு எடுப்பது கேரளத்தில் சகஜமாகிவிட்டது. 2023-இல் ஓணக் குலுக்கலின் 25 கோடி, நம் பக்கத்திலிருந்து போய்க் கூட்டாகச் சீட்டு எடுத்த நான்கு பேருக்கு விழுந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. அதே 2023 ஜூலையில் மழைக்காலக் குலுக்கல் நடந்தது. சீட்டின் விலை 250 ரூபாய், முதல் பரிசு 10 கோடி. பரிசு விழுந்தது, ஒரு நகராட்சியில் வீடு வீடாகப் போய்க் குப்பை சேகரிக்கும் 11 பெண்களுக்கு. ஒருத்திக்கும் தனியாக 250 ரூபாய் கொடுக்கச் சக்தி இல்லை. ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள். ஒன்பது பேரால் 25 ரூபாய் போட முடிந்தது. மற்ற இரண்டு பேருக்கு அதுவும் முடியவில்லை. அவர்கள் பன்னிரண்டரை ரூபாய் வீதம் போட்டு ஒரு பங்கைப் பிரித்துக்கொண்டார்கள்.

பத்திரிகைகள் 10 கோடியைப் பற்றி எழுதின. எனக்கு அந்தப் பன்னிரண்டரை ரூபாயிலிருந்து மனம் நகர மறுக்கிறது. அந்த இரண்டு பெண்களும் எப்படிப் பேசி முடிவு செய்தார்கள்? யார் முதலில் வாயைத் திறந்து, "என்னிடம் இருபத்தைந்து இல்லை" என்று சொன்னது? "பரவாயில்லை, நான் பாதி, நீ பாதி" என்று யார் சொன்னது? சீட்டு யார் வீட்டில், எந்தப் பெட்டியில் இருந்தது? மற்றப் பத்துப் பேரும் அவளை எப்படி நம்பினார்கள்? செகாவின் கதையில் புருஷனும் மனைவியும் விழாத பரிசுக்காகவே ஒருவரை ஒருவர் வெறுத்தார்கள். இங்கே ரத்த சம்பந்தம் இல்லாத 11 பேர், குலுக்கலுக்கு முன்னாலேயே, ஒரு காகிதத் துண்டை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். செகாவ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பரிசு மனிதர்களைப் பிரிக்கும் என்று அவர் கண்டது உண்மைதான்; அண்மையில் கேரளத்தில் பெரும் பரிசு பெற்ற ஒருவரே, வீட்டு வாசலில் உதவி கேட்டு வந்து நிற்கும் கூட்டத்தால் நிம்மதி போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் விலை மனிதர்களைச் சேர்க்கவும் கூடும் என்பதை அவர் காணவில்லை. காண வாய்ப்பில்லை; அவர் பாத்திரங்களின் சீட்டுக்கு வட்டி வந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்வதனால் விலையேற்றத்துக்கு நான் நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பதினோரு பெண்களுக்கு விழுந்த அதே குலுக்கலில், ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சீட்டு எடுத்துத் தோற்ற கூட்டங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவர்களைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. மறு வாரம் அவர்கள் மறுபடியும் கூடினார்களா, அல்லது "உன் பேச்சைக் கேட்டுத்தான் போட்டேன்" என்று ஒருத்தி இன்னொருத்தியோடு பேசாமல் இருந்தாளா? பன்னிரண்டரை ரூபாய் போட்டு நிற்கிறவர்கள் வரை போய்ப் பணம் திரட்டுகிறோம் என்பதைச் சீட்டை விற்கிற சர்க்கார் உணர வேண்டும். அதைக் கேட்கக் கூச்சமில்லாத சர்க்காருக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. சீட்டின் முகத்தில் முதல் பரிசை எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்களோ, அவ்வளவு பெரிய எழுத்தில் போன குலுக்கலில் எத்தனை சீட்டு விற்றது என்பதையும் அச்சடிக்கட்டும். 25 கோடி என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 75 லட்சம் என்ற எண்ணும் இருக்கட்டும். வாங்குகிறவன் இரண்டையும் பார்த்து முடிவு செய்வான். வாளையாற்றில் நான் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு நிச்சயமாகப் புரியும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சீட்டு விழுந்த கதை போதும். விழுந்த பிறகு வரும் கார், பங்களா, கெட்டுப்போகும் மகன், திருந்தும் மருமகள் எல்லாம் போதும். விலை ஏறிய மறுநாள் காலையில் ஒரு சீட்டுக் கடையைத் திறந்து எழுதுங்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விற்கிறவர் புது விலையைச் சொல்லத் தயங்குவதை எழுதுங்கள். ஒருவர் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கட்டும். பத்தடி தள்ளிப் போய், அங்கே நிற்கும் இன்னொருவரிடம், "பாதி போடுகிறீர்களா?" என்று கேட்கட்டும். அவர்கள் இரண்டு பேரும் அதுவரை பேசிக்கொள்ளாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தச் சீட்டு விழுந்ததா இல்லையா என்று நீங்கள் சொல்லாமலே விட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.